வாப்பாட ஹொண்டாவும் ஒரு துண்டு மட்டையும்



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வாப்பாவின் பழைய ஹொண்டாவில் வந்து இறங்கியதைப் பார்த்து நிறையப் பேர் கேட்டீர்கள். "இது இன்னும் கிடக்கா?" என்று சிலர். "எந்த பாஸிட்ட குடுத்துச் செஞ்ச?" என்று சிலர். மச்சான் ஒருவர் "விக்கிறதெண்டா முதல்ல எனக்குச் சொல்லு" என்றார். பள்ளி வாசலில் நின்று எல்லோருக்கும் சொல்லி முடிக்க ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பாடசாலை லீவுதானே, ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் சைக்கிளைப் பற்றி. அது ஹொண்டா சீ.ஜீ. 125. வாப்பா எண்பதுகளின் நடுவில் பழசாகத்தான் வாங்கினார். ஊரில் வாப்பாவை வட்டவிதானையார் என்றுதான் பலருக்குத் தெரியும். வாய்க்கால் கட்டில், சேற்றில், பெரும்போக மழையில் என்று அவர் ஓடிய இடமெல்லாம் அந்த ஹொண்டாவும் ஓடியது. அதற்கு ஒரு காரணம் உண்டு. எழுபதுகளில் ஹொண்டா பொறியியலாளர்கள் எங்களைப் போன்ற நாடுகளில் சனம் மோட்டார் சைக்கிளை எப்படிப் பாவிக்கிறது என்று பார்த்தார்கள். ஒயில் மாற்றுவதில்லை, சங்கிலிக்குக் கிரீஸ் இல்லை, கூடவே இரண்டு மூட்டை நெல். அதையெல்லாம் தாங்கவென்று செய்ததுதான் 1976இல் வந்த சீ.ஜீ. என்ஜினின் மேல் பக்கத்தில் டைமிங் சங்கிலி கிடையாது. பழைய லொறிகளைப் போல புஷ் ரொட். வெளிச் சங்கிலிக்கு முழு மூடி. அதனால்தான் இன்றைக்கும் வட்டைப் பக்கம் ஒன்றிரண்டு ஓடுகிறது.

எங்கள் வீட்டில் அதை வாப்பாவைத் தவிர யாரும் தொட ஏலாது. துடைக்கக்கூட விடமாட்டார். 2016இல் கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு கொட்டிலுக்குள் தள்ளி நிறுத்தியவர், மறுகா எடுக்கவேயில்லை. இரண்டு வருடத்துக்கு முதல் வலது கையும் காலும் இழுத்துக்கொண்டது. இப்போது திண்ணைக் கதிரையில்தான் பகல் முழுவதும். பேச்சும் குறைவு. உண்மையைச் சொன்னால், பேச்சு முந்தியும் குறைவுதான்.

இந்த வருடத் தொடக்கத்தில் பழைய இரும்புக்காரர் வந்தார். கொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு 12,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். கட்டாரிலிருக்கும் தம்பிக்குச் சொன்னேன். "குடுங்க காக்கா, இடமாவது மிச்சம்" என்றான். நானும் குடுக்கத்தான் நினைத்தேன்.

குடுக்காமல் விட்டதற்குப் பாசம் காரணமில்லை, காசுதான் காரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள் விலை என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், க்யூ.ஆர். காட்டி வாரத்துக்கு நாலு லீற்றர் வாங்கிய காலத்தில் என் சைக்கிளை விற்றேன். 2025இல் இறக்குமதி திறந்துவிட்டாலும் வாத்தியார் சம்பளத்துக்குப் புதுசு எட்டாது. பாடசாலைக்கு 14 கிலோமீற்றர், பஸ்ஸை விட்டால் முதலாம் பாடம் போய்விடும். கொட்டிலுக்குள் ஒரு ஹொண்டா நிற்கிறது, பதிவுப் புத்தகமும் ஒழுங்காக இருக்கிறது. இரும்புக்காரரிடம் "ஒரு மாசம் போகட்டும்" என்றேன்.

ஆனால் அந்த ஹொண்டாவோடு எனக்கு ஒரு பழைய கோபம் இருந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல ஏலாது.

2004 டிசம்பர் 26. எனக்குப் பதினாறு வயது, ஓ.எல். எழுதிக் கொஞ்ச நாள்தான். அன்றைய காலையைப் பற்றி எங்கள் ஊருக்கு யாரும் எழுதிக் காட்டத் தேவையில்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள். எங்கள் வீட்டில் மூத்தம்மா, வாப்பாவின் உம்மா. அடுத்த நாள் மையத்தைக் கண்டெடுத்து வாப்பா தன் கையாலேயே கப்றுக்குள் இறக்கினார்.

நாங்கள் ஒரு பாடசாலையில் அகதிகளாக இருந்தோம். ஒரு வகுப்பறையில் ஐந்து குடும்பம். கிணறெல்லாம் உப்பு. பௌசர் வந்தால்தான் குடிக்கத் தண்ணீர். உம்மா இரண்டு வாளியோடு வரிசையில் நின்று எடுத்து வருவார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ வாப்பா எங்கேயோ போய் அந்த ஹொண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வளவுக் கிணற்றடியில் மணலுக்குள் கிடந்ததாம். பாடசாலை மரத்தடியில் அதை நிறுத்தி, ஒயிலைத் திறந்தார். பால் ஊற்றிய தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. மறுகா காபரேட்டரைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பீங்கானில் பரப்பினார். பிறகு வந்து, உம்மா வரிசையில் நின்று கொண்டுவந்த தண்ணீரில் அரை வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினார்.

மற்ற வாப்பாமார் பதிவுக்கும் பாய்க்கும் அரிசிக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். என் வாப்பா குந்திக்கொண்டு பித்தளைத் துண்டுகளை ஊதிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்: "மூத்தம்மா மௌத்தாகி ஒரு கிழம ஆகல்ல. உங்களுக்கு இந்த ஹொண்டாதான் பெரிசா?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. பதிலும் சொல்லவில்லை. அந்தக் கதையை அதன் பிறகு நாங்கள் இருவரும் எடுக்கவேயில்லை. இருபது வருடம்.

சரி, வேலைக்கு வருவோம்.

டாங்கிக்குள் துரு. சின்னக் கல்லுகள் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினேன். பிரேக் லைனிங், டயர், பற்றரி, பிளக், ஒயில் எல்லாம் புதுசு. அதெல்லாம் காசு இருந்தால் ஆகிற வேலை. காபரேட்டர் அப்படியில்லை.

நான் விஞ்ஞான ஆசிரியர். தகனமும் அமுக்கமும் வருடாவருடம் படிப்பிக்கிறேன். என்ஜின் குடிப்பது தனிப் பெற்றோல் அல்ல, பெற்றோல் கலந்த காற்று. ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தக் கணக்கைக் கம்பியூட்டர் இல்லாமல் செய்கிறது உள்ளங்கை அளவு அலுமினியக் கட்டி. கீழே ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு மிதவை. வீட்டுத் தண்ணீர் டாங்கியில் இருப்பது போலத்தான்: பெற்றோல் நிறைய மிதவை உயரும், உயர்ந்தால் ஊசி வால்வு வழியை அடைக்கும். மேலே நடுவில் ஒடுங்கிய குழாய். ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமாக ஓடும், அங்கே அமுக்கம் குறையும், கிண்ணத்திலிருந்து பெற்றோல் சின்ன ஓட்டைகளால் ஏறிக் காற்றோடு கலக்கும். அந்த ஓட்டை உள்ள பித்தளைத் துண்டுகள்தான் ஜெட். சும்மா நின்று ஓடும்போது ஸ்லோ ஜெட். முறுக்கினால் ஊசி மேலே எழும்பும். முழுதாக முறுக்கினால் மெயின் ஜெட்.

எல்லாம் தெரியும். கழற்றினேன். முதலாம் பிழை: கழற்ற முதல் போனில் படம் எடுக்கவில்லை. இரண்டாம் பிழை: காற்று ஸ்குரூவைக் கழற்ற முதல் எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணவில்லை. மூன்றாம் பிழை: முற்றத்தில் வைத்துக் கழற்றினேன். ஒரு சின்ன ஸ்பிரிங் பறந்தது. மகளும் நானும் லைட் அடித்து ஒரு மணித்தியாலம் தேடினோம். கடைசியில் கோழிக்கூட்டடியில் கிடந்தது.

கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே பெற்றோல் வற்றி, பாணி மாதிரி ஒட்டிக் காய்ந்திருந்தது. அலுமினியத்தில் வெள்ளைப் பூஞ்சை, பித்தளையில் பச்சைக் களிம்பு. பல் விளக்கும் பிரஷால் மூன்று இரவு தேய்த்தேன். வெளியே எடுத்து வைத்தால் கடையில் வாங்கியது போல மின்னியது. பூட்டி உதைத்தேன். சொக் இழுத்தால் ஸ்டார்ட் ஆகும், சொக்கை விட்டால் நின்றுவிடும். திரும்பக் கழற்றினேன், திரும்பப் பூட்டினேன். அதே கதை.

மெயின் வீதியில் ஒரு கராஜ் இருக்கிறது. அங்கே வேலை செய்கிற தம்பி என்னிடம் ஓ.எல். வரை படித்தவன். கடைசி வாங்கு. விஞ்ஞானத்தில் என்ன எடுத்தான் என்பது எனக்கும் அவனுக்கும் ஞாபகம் இருக்கிறது, அதை இங்கே எழுதத் தேவையில்லை. காபரேட்டரை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மாஷா அல்லாஹ் சேர், வெளியால பளிங்கு மாதிரி வெச்சிரிக்கீங்க" என்றான். ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என் கையில் தந்தான். "இதுக்குள்ளால வெளிச்சம் தெரியுதா பாருங்க."

தெரியவில்லை.

"சொக்கோட ஓடி, சொக் இல்லாம நிண்டா நூத்துக்குத் தொண்ணூறு இதான் சேர். ஊசி கீசி போட்டுக் குத்திராதீங்க, பித்தள இளகினது, ஓட்ட பெருத்துப் போகும். வயரில ஒரு செம்புக் கம்பி உரிச்செடுங்க. ராவைக்கு தின்னரில ஊற வைங்க. காலைல கொண்டுவாங்க, கொம்பிரசர்ல காத்தடிப்பம்."

"நீயே செஞ்சி தாவன்" என்றேன்.

"நீங்களே செய்யுங்க சேர். அப்பதான் பிடிபடும்."

இதைத்தான் அட்டாளைச்சேனையில் கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்தில் எங்களுக்கு விரிவுரையாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிள்ளை செய்கிற வேலையைக் கையிலிருந்து பறிக்காதீர்கள் என்று. அவனுடைய கையிலிருந்து நான் எத்தனை தடவை சோக்கைப் பறித்திருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் காற்றடித்துப் பார்த்தபோது ஜெட்டின் நடுவில் ஊசிமுனையளவு வெளிச்சம் தெரிந்தது. அவ்வளவு சின்ன ஓட்டைதான் அத்தனை பெரிய சாமானை மூன்று இரவு நிற்பாட்டி வைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து, 1,850 ரூபாய்க்கு வாங்கிய ரிப்பெயார் கிட்டிலிருந்த புது ரப்பர் வளையமெல்லாம் போட்டு ஒழுங்காகப் பூட்டினேன். என்ஜினுக்கும் காபரேட்டருக்கும் நடுவில் கருகிப் போன ஒரு மட்டைத் துண்டு ஒட்டியிருந்தது. யாரோ மெக்கானிக் செய்த தற்காலிக வேலை என்று நினைத்து, சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டேன்.

மூன்றாவது உதையில் ஸ்டார்ட். சொக்கை விட்டேன், நிற்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சத்தம் சரியில்லை. முறுக்கிவிட்டு விட்டால் இறங்க மாட்டேன் என்கிறது. அப்படியே கத்திக்கொண்டு நின்று, திடீரென்று விழுந்து, திரும்ப ஏறுகிறது. காற்று ஸ்குரூவை உள்ளே திருகினேன், வெளியே திருகினேன். பிரயோசனமில்லை.

பின்னால் இருந்து வாப்பாவின் குரல்.

"காத்து இழுக்கிது."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். காது மட்டும் இந்தப் பக்கம்.

"சவுக்காரத் தண்ணி கொண்டா."

கொண்டுவந்து, அவர் சொன்னபடி காபரேட்டர் என்ஜினோடு சேருகிற இணைப்பில் ஊற்றினேன். ஒரு பக்கத்தில் நுரை உள்ளே இழுபட்டது. இழுபட்ட அந்த நொடி சத்தம் மாறியது. கணக்கில் சேராத காற்று அந்த இடுக்கால் போய்க்கொண்டிருந்தது.

"மட்ட எங்க?" என்றார் வாப்பா.

"எந்த மட்ட வாப்பா?"

"நடுவால ஒரு மட்ட வெச்சிருந்த. அந்தப் பக்கம் வளைஞ்சது. மட்ட இல்லாட்டி காத்து இழுக்கும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "அத நீங்களா வெட்டி வெச்ச?"

"ஸ்கூல்ல இருக்கக்குள்ள. சாமான் எடுக்க கட ஒண்டும் இல்லயே. உன்ட கொப்பி மட்டதான்."

நான் என்ஜினை அணைத்தேன்.

அகதி முகாமில் எங்களுக்கு நிவாரணமாகக் கொப்பிகள் தந்தார்கள். ஏ.எல். படிக்கவென்று ஒரு சீ.ஆர். கொப்பியைப் பத்திரமாக வைத்திருந்தேன். ஒரு நாள் பார்த்தால் பின் மட்டையைக் காணவில்லை. தம்பிதான் கிழித்தான் என்று அவனைப் பிடித்து அடித்தேன். அவனுக்கு அப்போது பதினொரு வயது. அல்லாஹ் மீது சத்தியமாக நானில்லை என்று அழுதான். பொய்ச் சத்தியம் செய்கிறாய் என்று இன்னும் இரண்டு போட்டேன்.

அந்த மட்டைதான் அதன் பிறகு வருடக்கணக்காக அந்த இடுக்கை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அதைத்தான் நான் குப்பையில் போட்டேன்.

திண்ணைப் படியில் உட்கார்ந்தேன். கையெல்லாம் கறுப்பு. இருபது வருடமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன். "வாப்பா, அந்த நேரம் ஏன் இதக் கழுவிக்கிட்டு இருந்தீங்க?"

வாப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. வழமை போல இதற்கும் பதில் வராது என்று நினைத்தேன். பிறகு சொன்னார். அவருக்கு இப்போது ஒரு வசனம் முடிக்க நேரம் எடுக்கும், அதனால் அவர் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்:

"உம்மாவ அடக்கிட்டு வந்த கை, மனே. அத வெச்சிக்கிட்டு என்ன செய்யிறண்டு தெரியல்ல. சும்மா இருந்தா நடுங்கும்."

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து: "நீ ஏசினது சரிதான். தண்ணி உன்ட உம்மாட்ட கேட்டு எடுத்திருக்கணும்."

மன்னிப்புக் கேட்கப் போனவன் நான். அவர் முந்திவிட்டார்.

எனக்கு ஞாபகம் வந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஹொண்டா ஓடத் தொடங்கியதற்குப் பிறகு வாப்பா ஒவ்வொரு நாளும் உள்ளூர்ப் பக்கம் போய், உப்பேறாத கிணற்றிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவருவார். எங்களுக்கு மட்டுமல்ல, அந்த வகுப்பறையில் இருந்த ஐந்து குடும்பத்துக்கும். பின்னால் உட்கார்ந்து கேனைப் பிடித்துக்கொண்டு வந்தவனே நான்தான். அரை வாளியை மட்டும் இருபது வருடம் ஞாபகம் வைத்திருந்தேன். கேன்களை மறந்துவிட்டேன்.

மகளிடம் கேட்டு, அவளுடைய முடிந்துபோன சீ.ஆர். கொப்பியின் மட்டையை எடுத்தேன். வெட்டக் கத்தரிக்கோல் எடுத்தபோது வாப்பா தலையை ஆட்டினார். மட்டையை இணைப்பின் முகத்தில் வைத்துப் பிடித்து, ஓரத்தில் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டச் சொன்னார். விளிம்பு தானே வெட்டிக்கொடுக்கும். ஆணி ஓட்டைக்கும் அப்படித்தான். அவர் இடது கையால் மட்டையை அழுத்திப் பிடித்தார், நான் தட்டினேன். மகள் பக்கத்தில் நின்று பார்த்தாள். மெல்லிசாகக் கிரீஸ் பூசி, இரண்டு ஆணியையும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். "ஒரு பக்கம் மட்டும் இறுக்கினா வளையும்" என்றார். முதல் தடவை அதை வளைத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

உதைத்தேன். பிடித்தது. முறுக்கி விட்டேன், இறங்கியது. வாப்பா விரலை அசைத்தார்: "கால் சுத்து உள்ளுக்கு." திருகினேன். சத்தம் நிதானமாக வந்தது. நான் சின்ன வயதில் மஃரிபுக்குக் கொஞ்சம் முதல் வாய்க்கால் பக்கமிருந்து கேட்ட அதே சத்தம். அது கேட்டால்தான் உம்மா தேத்தண்ணீருக்கு அடுப்பு மூட்டுவார்.

ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வாப்பா சொன்னார்: "சரி, அணை. பெற்றோல் வீண்."

தம்பிக்கு வொயிஸ் அனுப்பினேன். கொப்பி மட்டையைப் பற்றிச் சொல்லி, அடித்ததற்கு மாப்புக் கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "நான் அப்பவே சொன்னன்தானே காக்கா. இருவது வருசமாச்சி. வட்டி ஹராம், அதனால முதல மட்டும் தாங்க. வந்து ரெண்டு அடி அடிச்சிட்டுப் போறன்." ஹொண்டாவை விற்கச் சொன்ன பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

புகைப் பரிசோதனை பாஸ். இன்சூரன்ஸ், லைசன் எல்லாம் சரி. கராஜ் தம்பி, கண்ணாடித் துண்டில் சேண்ட் பேப்பர் வைத்துத் தேய்த்தால் வளைந்த முகத்தை மட்டமாக்கலாம், பிறகு கடையில் விற்கிற கஸ்கட் போடலாம் என்கிறான். அவன் சொல்வதுதான் முறை. இன்ஷா அல்லாஹ் செய்வேன். மட்டை இளகிவிட்டதா என்று அதுவரை வாரத்துக்கு ஒருக்கா பார்க்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பழசு ஒன்று நின்றால் நான் படித்த கொஞ்சத்தைச் சொல்கிறேன். நிறுத்தி வைக்க முதல் காபரேட்டர் கிண்ணத்துப் பெற்றோலை வடித்துவிடுங்கள். கழற்ற முதல் படம் எடுங்கள், ஸ்குரூவின் சுற்றை எண்ணி எழுதுங்கள். ஜெட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். பெற்றோல், தின்னர் பாவிக்கும்போது அடுப்பும் சிகரெட்டும் பக்கத்தில் வேண்டாம். பழசாகத் தெரிகிற எதையும், அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்காமல் குப்பையில் போடாதீர்கள். கேட்கக்கூடிய ஆள் வீட்டுத் திண்ணையில் இருந்தால், இருக்கும்போதே கேளுங்கள்.

வாப்பாவின் சுகத்துக்காகத் துஆச் செய்யுங்கள். மூத்தம்மாவுக்காகவும், அன்றைக்கு எங்களை விட்டுப் போன எல்லோருக்காகவும்.

மச்சானுக்கு: ஹொண்டா விற்பனைக்கு இல்லை.